படம் வராமையும் படம் பொய்த்தலும்



கணினியில் வானிலைப் படம் வரைவோர் எதிர்கொள்ளும் இடர்கள் சிலவற்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விழைகிறேன். நான் கணினி வல்லுநன் அல்லேன். கலைப்பட்டம் பெற்று, நெடுங்காலம் புவியியல் கற்பித்து, பின்னர் அதிபர் நாற்காலிக்கு வந்தவன். எங்கள் மாணாக்கர் மேற்கொண்ட ஒரு முயற்சியே இதுபற்றிப் பேசும் துணிவை எனக்குத் தந்தது.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியதை நீங்கள் அறிவீர்கள். அன்று கூரை பறந்த வீடொன்றில் அன்னையின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு நடுங்கிய சிறுவன் நான். அந்நாளின் அமுக்கப் படத்தைத் தாமே வரையவேண்டுமென்று உயர்தர வகுப்பு மாணாக்கர் மூவர் வந்து கேட்டபோது, மறுக்க எனக்கு மனம் வருமா?

அவர்கள் தேர்ந்தது கிராட்ஸ் என்னும் மென்பொருள். அமெரிக்காவில் கோலா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு நிலையத்தில் பிரையன் டொட்டி என்பவர் ஆக்கியது, விலையின்றிக் கிடைப்பது, லினக்ஸில் இயங்குவது. 1948ஆம் ஆண்டு தொடக்கம் உலக வளிமண்டலத்தின் நிலையைக் கணித்து வைத்துள்ள அமெரிக்க மீள்பகுப்பாய்வுத் தரவிலிருந்து, 1978ஆம் ஆண்டுக்குரிய கடல்மட்ட அமுக்கத்தை எடுத்து, வெறும் எண்களாலான கோப்பாக மாற்றிக்கொண்டார்கள். மூலக் கோப்பை நேரே திறந்திருந்தால் பின்வந்த தொல்லை நேர்ந்திராது. ஆனால் இளைஞர் நேர்வழியை எப்போது விரும்பினர்?

முதல் நாள் சாளரமே திறக்கவில்லை. தரவு இருந்த கணினி ஓர் அறையிலும் மாணாக்கர் மற்றோர் அறையிலும் இருந்தமையால், எந்தத் திரையில் வரைவது என்பது மென்பொருளுக்குத் தெரியவில்லை. டிஸ்பிளே என்னும் சூழல் மாறி அதனைச் சொல்ல வேண்டும். அன்றேல், சாளரமின்றி நேரே கோப்பில் வரையுமாறு தொடக்கத்திலேயே பணித்துவிடலாம். மறுநாள் கரைக்கோடுகளையும் எழுத்துருக்களையும் காணோம் என்று முறையிட்டது. அவை தனியான கோப்புகள். அவை இருக்கும் இடத்தை ஜி.ஏ.டி.டி.ஐ.ஆர். என்னும் மாறியில் எழுதியதும் அதுவும் தீர்ந்தது. பின்னர் படம் கறுப்புப் பின்னணியில் அச்சாகி, பாடசாலை அச்சுப்பொறியின் மையைக் குடித்துத் தீர்த்தது. சேமிக்கும் கட்டளையின் இறுதியில் வெள்ளை என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் போதும். மைக்குக் கணக்குக் காட்டவேண்டியவன் நான்.

இவையெல்லாம் சொல்லிக்கொண்டு வரும் பிழைகள். படம் வராது, அல்லது வந்த படத்தின் குறை கண்ணில் படும். எனக்கு அச்சந்தந்தது வேறொன்று.

மூன்றாம் நாள் அழகியதொரு படம் வந்தது. இலங்கையும் தென்னிந்தியாவும் வங்கக் கடலும் அடங்கிய சிறுபரப்பு. கரைக்கோடுகள் செம்மையாக இருந்தன. சமவமுக்கக் கோடுகள் அமைதியாக ஓடின. “சேர், 23ஆம் திகதி ஒன்றும் இல்லையே!” என்றான் ஒருவன். ஒன்றும் இல்லையா? எங்கள் தென்னைகளை வேரோடு சாய்த்த காற்று வேறெங்கிருந்து வந்ததாம்?

மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவலாம் என்றனர் மாணாக்கர். நான் தடுத்தேன். வரையும் கை பிழைத்ததா, வரையக் கொடுத்த எண் பிழைத்ததா என்று அறியாமல் கையை மாற்றிப் பயனென்ன? கோப்பின் அளவை முதலில் பார்த்தோம். கிழக்கு மேற்காக 144 புள்ளிகள், வடக்குத் தெற்காக 73. ஒரு நாளுக்கு 10,512 எண்கள். எண்ணொன்றுக்கு 4 பைட்டு. 365 நாள்களுக்கு 15,347,520 பைட்டு. அளவு அப்படியே இருந்தது. படம் வரையாமல் சிறும, பெரும எண்களை மட்டும் காட்டும் வசதியும் கிராட்ஸில் உண்டு. பைட்டுகளின் ஒழுங்கு தலைகீழாயிருந்தால் பொருளற்ற எண்கள் வரும்; வந்தவையோ 1 இலட்சம் பஸ்காலை ஒட்டியே நின்றன.

அப்பொழுது உலகம் முழுவதையும் வரையச் சொன்னேன். திரையைக் கண்டதும் திடுக்கிட்டேன். சைபீரியாவில் தாழமுக்கம்! நவம்பரில் அங்கு உயரமுக்கம் வலுப்பெறும் என்பதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! வட அகலாங்கு 60 பாகையை ஒட்டி உலகைச் சுற்றிய அந்தத் தாழமுக்க வளையம், உண்மையில் அந்தாட்டிக்காவைச் சுற்றிக் கிடப்பது. படம் தலைகீழாக நின்றது.

காரணம் எளிது. கோப்பிலுள்ள எண்களுக்கு முகவரி இல்லை. அவை வரிசையாக நிற்பன மட்டுமே. இத்தரவு வடமுனையிலிருந்து தொடங்குகிறது. கிராட்ஸோ, வேறு சொல்லாவிடின், முதல் வரிசை தெற்கினது என்றே கொள்ளும். கரைக்கோட்டை அது தன்னிடமுள்ள வேறு கோப்பிலிருந்து வரைவதால், நிலம் நேராகவும் காற்று தலைகீழாகவும் அமைந்துவிட்டன. நாம் மத்தியகோட்டுக்கு அண்மையில் வாழ்வதால், நமக்குரிய 8 பாகை வடக்கில் 8 பாகைத் தெற்கின் எண்கள் வந்து அமர்ந்தாலும் ஐயம் எழுவதில்லை. நோர்வேயில் இருப்பவன் உடனே கண்டுகொள்வான்.

விவரக் கோப்பில் வைரெவ் என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தோம். மட்டக்களப்பின் பக்கமாகக் கோடுகள் வளைந்தன.

“இவ்வளவுதானா, சேர்?” என்றாள் மாணவி ஒருத்தி. வளைவு ஆழமாக இல்லை. இரண்டரைப் பாகைக்கு ஒரு புள்ளி, அதாவது ஏறத்தாழ 275 கிலோமீற்றருக்கு ஒன்று. நம் தீவின் நிலப்பரப்பில் விழுவது ஒரே புள்ளி. அதுவும் சிலாபத்துக்கும் குருநாகலுக்கும் இடையில். என் வீட்டுக் கூரை அதில் எப்படித் தெரியும்? வகுப்பறைச் சுவரில் தொங்கும் அப்படத்தின் கீழ், புள்ளிகளின் இடைவெளி எத்துணை என்பதை அம்மாணவியே தன் கையால் எழுதி வைத்திருக்கிறாள்.