களை யார் எடுப்பது, கூலி யார் கொடுப்பது?

(கட்சி உறுப்பினர்களுக்கான வேளாண் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



இயற்கை வேளாண்மையா, இரசாயன வேளாண்மையா என்ற விவாதம் விளைச்சல், நஞ்சு ஆகிய இரண்டையே பெரும்பாலும் சுற்றி வருகிறது. களையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. வயலில் உழைப்போருக்கோ களைதான் அன்றாடக் கேள்வி. அதை யார் எடுப்பது, அதற்குக் கூலி என்ன என்பதே அதன் சாரம்.

முதலில் பஞ்சாப், ஹரியானா அனுபவத்தைப் பார்ப்போம். 1960களின் பிற்பகுதியில் பசுமைப் புரட்சியுடன் குட்டை ரகக் கோதுமை பரவியது. பயிருக்கு இட்ட உரத்தைக் களையும் உண்டது. உயரம் குறைந்த பயிரால் களையை நிழலிட்டு அடக்க முடியவில்லை. நெல்லும் கோதுமையும் மாறி மாறிப் பயிரிடப்பட்டபோது, அங்குள்ள விவசாயிகள் ‘குல்லி தண்டா’ என்றழைக்கும் புல் செழித்தது. இளம் பருவத்தில் கோதுமையிலிருந்து அதைப் பிரித்தறிவதே கடினம். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி இப்புல்லை ஒன்றும் செய்யாது. எனவே ஐசோபுரோட்டூரான் வந்தது. 1990களின் தொடக்கத்தில் அதற்கும் மடியாத குல்லி தண்டா ஹரியானாவில் பெருகியது. கதிர் முற்றுமுன்பே கோதுமையைத் தீவனமாக அறுத்த விவசாயிகள் உண்டு. பிறகு புதிய மருந்துகள் வந்தன. காலப்போக்கில் அவற்றுக்கும் எதிர்ப்பாற்றல் தோன்றியது. செலவு விவசாயியின் தலையில். இலாபம் மருந்து நிறுவனங்களின் கணக்கில்.

இதன் காரணம் எளியது. ஏராளமான செடிகளில் மருந்தைத் தாங்கும் தன்மையுள்ள சில தப்பிக்கின்றன. அவற்றின் விதையே அடுத்த ஆண்டு வயலை நிரப்புகிறது. கரும்போ பெர்சீம் தீவனமோ இடையில் பயிரிடப்பட்ட நிலங்களில் இச்சிக்கல் குறைவாக இருந்தது. அப்படியானால் எல்லோரும் ஏன் பயிரை மாற்றவில்லை? ஆதார விலையில் கொள்முதல் உறுதியாக நடப்பது கோதுமைக்கும் நெல்லுக்கும்தானே!

இயற்கை முறை வயலில் களை மறைந்துவிடுவதில்லை. பொதுவாக அங்கே களை இனங்களும் அதிகம், எண்ணிக்கையும் அதிகம். பயிர்ச் சுழற்சி முறையாக நடந்தால் ஒரே களை வயலை ஆள்வது குறைகிறது. கோதுமை வயலில் முளைக்கும் சக்கரவர்த்திக் கீரை வடக்கே குளிர்கால உணவு; மருந்தடித்த வயலில் அது கிடைக்காது. ஆனால் அறுகும் கோரையும் கைக்கு எளிதில் அடங்குவதில்லை. அவற்றோடு நாள் முழுவதும் குனிந்து போராடுவோர் பெரும்பாலும் பெண்கள். விளைபொருளில் நஞ்சில்லை என்று சான்றிதழ் சொல்லும். களையெடுத்த பெண்ணுக்கு என்ன கூலி கிடைத்தது என்று அது சொல்லாது.

2019 ஜூனில் மகாராஷ்டிராவின் அகோலா மாவட்டத்தில், அரசு அனுமதிக்காத, களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தியை விவசாயிகள் பகிரங்கமாக விதைத்தனர். களையெடுப்புச் செலவு கட்டுபடியாகவில்லை என்பது அவர்களது வாதங்களுள் ஒன்று. பருத்தி விவசாயியின் நெருக்கடி உண்மையானது. அதை நாம் அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் அவர் ‘செலவு’ என்று எழுதும் தொகைதான் நிலமற்ற பெண்ணின் வருமானம். களைக்கொல்லி அவளது வேலை நாட்களைப் பறிக்கிறது; மாற்று வேலை தருவதில்லை. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கிளைபோசேட் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தது. கட்டுப்பாடு மட்டும் களையைப் பிடுங்காது.

ஆகவே, நமது நிலைபாடு இரு முனை கொண்டது. பருப்பு, எண்ணெய் வித்துகள், சிறுதானியங்கள் ஆகியவற்றுக்கும் ஆதார விலையில் கொள்முதல் வேண்டும். அப்போதுதான் பயிர்ச் சுழற்சி சாத்தியம். களையெடுப்புக்கான உழைப்பு, குடும்பப் பெண்களின் உழைப்பு உட்பட, முழுக் கூலியில் கணக்கிடப்பட்டு விலையில் சேர வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி வேண்டும். நின்றபடியே தள்ளும் சக்கரக் களைக்கருவிகள் கூட்டுறவுகள் மூலம் பெண்களின் கைக்கு வர வேண்டும். இந்தச் செலவைச் சிறு விவசாயியின் மீது மட்டும் சுமத்தாமல் அரசு ஏற்க வேண்டும். இல்லையேல் இரு ஏழைகளை ஒருவருக்கெதிராக ஒருவரை நிறுத்தியவர்களாவோம்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு பணி. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு பருவத்தில் எத்தனை நாள் களையெடுப்பு வேலை கிடைத்தது, இன்று எத்தனை நாள் என்று உங்கள் ஊர்ப் பெண் தொழிலாளர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்தக் கணக்கிலிருந்து நமது கோரிக்கை தொடங்கட்டும்.