பூனைக்குப் பச்சை மீனா, வெந்த மீனா?

(தோட்டப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



பூனையைப் பற்றிப் பேசவா கூட்டம் கூட்டினாங்க என்று பின்னால் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் நம் லயங்களில் பூனை வளராத காம்பிரா எத்தனை? எலி இருக்கும் இடத்தில் பூனையும் இருக்கத்தான் செய்யும். எலி வந்தால் மாவு மூட்டை மட்டுமா போகிறது, எலிக்காய்ச்சலும் கூடவே வருகிறது. ஆகவே பூனை நமக்கு விளையாட்டுப் பொருள் அல்ல, வேலையாள்.

சென்ற பள்ளி விடுமுறையில் நம் தோட்டத்துக் குடும்பங்கள் சிலவற்றை அழைத்துக்கொண்டு ஓட்டமாவடிக்குப் போயிருந்தோம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓட்டமாவடி, அந்தப் பக்கம் வாழைச்சேனை. ரயிலும் பஸ்ஸும் ஒரே பாதையில் மாறி மாறிப் போன பழைய இரும்புப் பாலத்தைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். அதைவிட அதிகம் பார்த்தது மீன் கடைப் பூனைகளை. அங்கே யாரும் பூனையைக் கல்லெடுத்து விரட்டுவதில்லை. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணுக்குத் தண்டனை கிடைத்ததாக நபிமொழி இருக்கிறது என்று கடைக்காரப் பெரியவர் ஒருவர் நமக்குச் சொன்னார். மீன் வெட்டும்போது தலை, குடல், செவுள் எல்லாம் பூனைக்குத்தான். பூனைகளும் வாட்டசாட்டமாக இருந்தன.

திரும்பி வந்ததும் ஒரு பேச்சு கிளம்பியது. "அங்க பச்சை மீன் தின்னு பூனை கொழுகொழுன்னு இருக்கு, நாம ரொட்டியப் பிச்சுப் போட்டுப் பூனையக் கொல்றோம்" என்று. வெளிநாட்டில் பூனைக்குப் பச்சை இறைச்சிதான் கொடுக்கிறார்களாம் என்று படித்த பிள்ளைகள் வேறு சேர்த்துச் சொன்னார்கள். இப்போது மீன் லொறி வந்தால் பூனைக்கென்று தனியாக வாங்குகிற வீடுகள் உண்டு. பாசத்தோடு செய்கிறீர்கள், அதைக் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பேச்சில் பாதி உண்மை. மற்றப் பாதிதான் ஆபத்து.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுவோம். நாய் சோறு தின்று பிழைத்துக்கொள்ளும், பூனை பிழைக்காது. அது மாமிசம் தின்னவே பிறந்த பிராணி. டோரின் என்று ஒரு சத்து இருக்கிறது. அதை நம் உடம்பு தானே செய்துகொள்ளும், பூனையின் உடம்புக்குப் போதிய அளவு செய்ய முடியாது. மீன், கோழி, ஈரல், இருதயம் இவற்றில்தான் அது உண்டு. ரொட்டியிலும் சோற்றிலும் கிடையாது. டோரின் இல்லாவிட்டால் பூனைக்குக் கண் குருடாகும் என்று 1975இல் கண்டுபிடித்தார்கள். இருதயமும் வீங்கிப் பலவீனமாகும் என்பது 1987இல் கலிபோர்னியாவில் தெரிய வந்தது. கிழடு தட்டாத பூனைக்கே கண் மங்கிவிட்டால், என்ன தின்கிறது என்று கேட்க வேண்டும். தேத்தண்ணியில் நனைத்த ரொட்டி என்றுதான் பதில் வரும்.

பச்சை இறைச்சிப் பேச்சு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் பொட்டெஞ்சர் என்ற டொக்டர் 1932 முதல் 1942 வரை நூற்றுக்கணக்கான பூனைகளை வைத்துப் பரிசோதனை செய்தார். பச்சை இறைச்சி தின்றவை நன்றாயிருந்தன, வேகவைத்த இறைச்சி தின்றவற்றின் குட்டிகள் தலைமுறைக்குத் தலைமுறை நோஞ்சானாகின. பச்சைதான் நல்லது என்று அதைப் பிடித்துக்கொண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பூனைக்கு டோரின் கட்டாயம் வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. வேகவைக்கும்போது அது தண்ணீரில் இறங்கிவிடும். அதனால்தான் அந்தப் பூனைகள் நோஞ்சானாகியிருக்கலாம் என்று பிற்காலத்து நிபுணர்கள் சொல்கிறார்கள். நமக்கு இதில் பாடம் என்னவென்றால், மீன் அவித்த தண்ணியைக் கொட்டாமல் மீனோடு சேர்த்தே வைத்துவிட வேண்டும். செலவில்லாத வேலை.

இனி ஆபத்தான பாதி. சூடை, நெத்தலி, கெண்டை குடும்பத்து மீன்கள் பலவற்றில், பச்சையாக இருக்கும்போது, வைட்டமின் பி1 சத்தை அழிக்கிற ஒரு பொருள் இருக்கிறது. தினமும் அதையே தின்னும் பூனை முதலில் சாப்பாட்டை வெறுக்கும். பிறகு தலை நெஞ்சுப் பக்கம் வளையும், தள்ளாடும், கடைசியில் வலிப்பு வரும். செய்வினை, கண்ணூறு என்று நினைத்து மந்திரிக்கப் போகாதீர்கள், கால்நடை வைத்தியரிடம் கொண்டு போங்கள். நேரத்தோடு பி1 ஊசி போட்டால் பெரும்பாலும் எழும்பி நடக்கும். மீனை வேகவைத்தால் அந்தப் பொருள் செத்துவிடும்.

அப்படியானால் ஓட்டமாவடிப் பூனை எப்படிக் கொழுத்தது என்று கேட்பீர்கள். அது மீன் மட்டும் தின்னவில்லையே! இறால் தலை, பல்லி, ஓணான், சுண்டெலி, கடைச் சோறு என்று நாள் முழுவதும் பத்துச் சாமான் தின்கிறது. தவிர, செத்த பூனை கடைவாசலில் உட்கார்ந்திருக்காது, நாம் பார்த்தது பிழைத்ததை மட்டும்தான். வீட்டுக்குள் வளரும் குட்டிக்கோ நாம் போடுவதுதான் கதி.

எலும்பில்லாத கோழிச் சதையை மட்டும் போட்டு வளர்த்த குட்டிகளை ஒரு லயத்தில் பார்த்தோம். மகள் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு ஊட்டியிருக்கிறாள். மூன்று மாதத்தில் பின்னங்கால் வளைந்து, குதித்தால் எலும்பு முறிகிற நிலை. சதையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, அதனால் உடம்பு எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்கிறது. சுண்டெலியைத் தின்னும் பூனைக்கு இந்தத் தொல்லை இல்லை, எலும்பு, ஈரல், இருதயம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் எலியை நம்பியே விட்டால் ஒரு நாளைக்கு எட்டுச் சுண்டெலியாவது வேண்டும். "சோறு போட்டா எலி புடிக்காது" என்பதும் சரியில்லை. வேட்டை பூனையின் பிறவிக்குணம், வயிறு நிறைந்தாலும் பிடிக்கும்.

பச்சைக் கோழியில் இன்னொரு பயமும் உண்டு. 2004இல் தாய்லாந்தில் ஒரு புலிப் பண்ணையில், பறவைக் காய்ச்சல் கண்ட கோழியைப் பச்சையாகப் போட்டதால், செத்ததும் கொன்றதுமாக நூற்றுக்கு மேற்பட்ட புலிகள் போய்விட்டன. புலியும் பூனை இனம்தானே. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் பச்சை வான்கோழித் தீன் தின்ற வீட்டுப் பூனை ஒன்று அதே காய்ச்சலில் செத்தது. ஐஸ் போட்டால் கிருமி சாகாது, தூங்கும் அவ்வளவுதான்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பச்சை இறைச்சியோ எலியோ தின்னும் பூனைக்கு டொக்சோபிளாஸ்மா என்ற கிருமி தொற்றலாம். முதன்முதல் தொற்றும்போது ஓரிரு வாரம் அதன் மலத்தில் கிருமியின் முட்டை வெளிவரும். அந்த முட்டை ஒரு நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் மனிதருக்குத் தொற்றும் பதத்துக்கு வரும். கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்றினால் கருக்கலையலாம், பிள்ளையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். அதற்காகப் பூனையைச் சாக்கில் கட்டித் தேயிலை மலையில் விடச் சொல்லவில்லை, அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பூனை மலத்தை அன்றன்றைக்கே புருஷன்மார் அள்ளிப் புதையுங்கள், கர்ப்பிணி கையே வைக்கக் கூடாது. மரக்கறித் தோட்டத்தில் மண் கிண்டினால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இறைச்சி நமக்கும் நன்றாக வேக வேண்டும்.

சரி, என்னதான் போடுவது? நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கிராம் வெந்த மீனோ கோழியோ போதும். சிறு மீனென்றால் நன்றாக அவித்து முள்ளோடு மசித்துவிடலாம். எலும்பில்லாத இறைச்சி அரைக் கிலோவுக்கு, அவித்து இடித்த முட்டைக்கோது அரைத் தேக்கரண்டி சேருங்கள். வாரத்தில் ஒரு நாள் கொஞ்சம் ஈரல், தினமும் வேண்டாம், கூடினால் கழுத்தெலும்பு இறுகிவிடும். மீனையும் கோழியையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். கொஞ்சம் சோறு பிசைந்தால் குற்றமில்லை. வெந்த கோழி எலும்பு கூர்கூராக உடையும், அதைப் போடாதீர்கள். வெங்காயமும் பூடும் போட்ட குழம்பு பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆகையால் கறி தாளிப்பதற்கு முன்பே பூனைப் பங்கை எடுத்து வையுங்கள். கருவாட்டுத் தலையை ஊறவைத்து உப்புப் போக்காமல் போட வேண்டாம்.

மீன் லொறியில் சில நேரம் பேத்தை மீன் கலந்து வரும். வயிறு உப்பி, தோல் சொரசொரப்பாக இருக்கும். அதன் விஷம் வெந்தாலும் போகாது. பூனைக்கும் வேண்டாம், நமக்கும் வேண்டாம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.