பூவுக்கு நடுவே ஒரு கொழுந்து

பூக்காரம்மாவிடம் முழம் போட்டு வாங்கும்போது நம் கண் மல்லியின் மேல்தான் நிற்கும். மொட்டு பருமனா, நெருக்கமாகக் கட்டியிருக்கிறதா, நார் வெளியே தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுப்போம். அதே கூடைக்குப் பக்கத்தில், ஈரச் சாக்கின் மேல், சாம்பல் பூத்த பச்சையில் சின்னச் சின்னக் கட்டுகளாக ஒன்று கிடக்கும். மரிக்கொழுந்து. சில ஊர்களில் தவனம் என்பார்கள். கூடவே மருவும் கிடக்கும். கதம்பத்தின் உயிர் இந்த இரண்டு தழைகளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. இன்று அதைத்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

தஞ்சாவூர்க் கதம்பத்துக்கென்று தனிப் பேர் உண்டு. மல்லி, கனகாம்பரம், செவ்வந்தி, அரளி. நடுநடுவே மருவும் மரிக்கொழுந்தும். கைராசிக்காரர்கள் வெட்டிவேரையும் ஓர் இழை சேர்த்துவிடுவார்கள். என் பெரியம்மா சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கட்டுவார். முறத்தில் உதிரிப்பூ, கிண்ணத்துத் தண்ணீரில் ஊறிய வாழைநார். நாரின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வார். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, காம்போடு காம்பு சேர்த்து ஒரு சுற்று, ஒரு இழுப்பு. நாலைந்து முடிச்சுக்கு ஒரு தடவை கை முறத்தின் ஓரத்துக்குப் போகும். கொழுந்தை இரண்டு விரற்கடை நீளத்துக்குக் கிள்ளி, அடி இலைகளை உருவிப் போட்டுவிட்டு, நுனியை மட்டும் வைப்பார். அடி இலையோடு கட்டினால் முடிச்சுக்குள் அழுகிவிடும். "இறுக்கினா கருத்துப் போயிடும், தளர விட்டா உதிர்ந்து போயிடும்" என்பார். அந்த நடுப் பதம் எனக்கு வர நாலு வருஷம் ஆயிற்று.

அளவுதான் இதில் பெரிய வித்தை. கொழுந்து கூடினால் கதம்பம் மருந்துக்கடை மாதிரி நெடி அடிக்கும். குறைந்தால் மல்லியின் இனிப்பு மட்டும் தனியாக நின்று, அரை நாளில் திகட்டிவிடும்.

ஏன் அப்படி? பூவின் வாசமும் இலையின் வாசமும் வேறு வேறு வேலைக்காக உண்டானவை. மல்லி மொட்டு அந்தியில் விரியும்போது தானாகவே மணத்தைக் காற்றில் விடுகிறது. இரவில் பறக்கும் பூச்சிகளுக்கு அது அழைப்பு. தழைக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை. மரு இலையிலும் மரிக்கொழுந்து இலையிலும் கண்ணுக்குப் புலப்படாத எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. கடிக்க வரும் பூச்சிகளிடமிருந்து செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் சேமிப்பு அது. விரல் பட்டால், கசங்கினால், சூடு ஏறினால்தான் நன்றாக வெளிவரும். பூ தானாகக் கொடுக்கும்; இலை தொட்டால் கொடுக்கும்.

இந்த வித்தியாசம் தலையில் வைத்துக்கொண்டால்தான் புரியும். தலைக்குக் குளித்து, முடி நன்றாகக் காய்ந்த பிறகு, பின்னலில் ஒரு முழம் கதம்பம் செருகிப் பாருங்கள். முதலில் பிடரியில் ஒரு குளிர்ச்சி, கொஞ்சம் பாரம். பிறகு மல்லி வந்து மூக்கை நிறைக்கும். சற்று நேரத்தில் அது போய்விட்டது போலத் தோன்றும். பூ அங்கேயேதான் இருக்கிறது. ஒரே வாசம் தொடர்ந்து வந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை விட்டுவிடுகிறது. அப்போது யாரோ கூப்பிட, சட்டென்று திரும்புவீர்கள். பின்னல் தோளில் உரசும். ஓர் இலை கசங்கும். பச்சையாக, லேசான கசப்போடு, ஏதோ பழம் பழுத்துப் புளிப்பேறும் வாசனையோடு மரிக்கொழுந்து மேலே வரும். அதன் பின்னாலேயே மரு, கற்பூரத்துக்கும் ஏலக்காய்க்கும் நடுவிலான ஒரு சுறுசுறுப்போடு. மூக்கு விழித்துக்கொள்ளும். அதே நொடியில் மல்லியும் புதிதாகத் திரும்பி வரும். பஸ்ஸில் சாய்ந்து உட்காரும்போது, குனிந்து கோலம் போடும்போது, குழந்தை பின்னலைப் பிடித்து இழுக்கும்போது என்று நாள் முழுக்க இது நடக்கும். பாட்டிலில் வாங்கித் தெளித்துக்கொள்ளும் எந்த வாசனையும் இப்படி என் அசைவுக்குப் பதில் சொன்னதில்லை.

இது பெண்களோடு நின்ற பழக்கமும் இல்லை. என் தாத்தா மரிக்கொழுந்தில் ஒரு கிள்ளு காதோரம் செருகிக்கொண்டுதான் வயலுக்குப் போவார். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கோ தவன உற்சவம் என்று இதன் பெயரிலேயே ஒரு விழா உண்டு.

செடிகளின் உறவுமுறையும் அழகானது. மரிக்கொழுந்து செவ்வந்தியின் குடும்பம்; கதம்பத்தில் பங்காளிகள் இரண்டு பேரும் அருகருகே இருக்கிறார்கள். மருவோ துளசி, புதினா வகையறா. மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. அந்தப் பக்கத்துச் சமையலில் இறைச்சிக்கும் சூப்புக்கும் போடுகிறார்கள். ஆனால் சூடும் வழக்கம் அங்கேயும் பழசு: கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் கட்டுல்லஸ், ஒரு திருமணப் பாடலில், கல்யாணத் தெய்வத்தை மருவின் பூவைச் சூடி வரும்படி அழைக்கிறார்.

நம் பக்கம் சிலப்பதிகாரம் இருக்கிறது. கடலாடு காதையில் மாதவியின் கூந்தலுக்கான நீரில் 10 வகைத் துவர், 5 வகை விரை (வாசனைப் பொருள்), 32 வகை ஓமாலிகை (மணச் சரக்கு) ஊறியிருக்கின்றன. மொத்தம் 47 சரக்கு. அந்தப் பட்டியலில் துவர் முதலில் நிற்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பட்டையும் காயுமாக, துவர்க்கும் பொருள்கள் அவை. இனிப்பு வாசம் நிற்பதற்குத் துவர்ப்பும் கசப்பும் கீழே தளம் போட வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. பெரியம்மாவின் முறத்து ஓரத்தில் இருந்ததும் அதே அறிவுதான்.

மரிக்கொழுந்து நாலு மாதப் பயிர். மழைக்காலக் கடைசியில் விதைத்து, மஞ்சள் பூ எட்டிப் பார்க்கும் மாசி வாக்கில் அறுப்பார்கள். கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு மூன்றிலும் விளைகிறது. ஆவியில் வடித்த அதன் எண்ணெய் வெளிநாட்டு வாசனைத் திரவியங்களுக்குப் போகிறது. ஒரே எண்ணெய் ஆளுக்கு ஆள் தோலில் வேறு வேறாக மணக்கும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் இதற்குத் தரும் பெரிய பாராட்டு.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். இப்போது வாங்கும் கதம்பத்தில் பல நாள் கொழுந்து இருப்பதில்லை. பச்சை தெரிய வேண்டுமே என்று வாசமே இல்லாத ஏதோ ஓர் இலையைக் கிள்ளி வைத்துக் கட்டிவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கதம்பம். கிட்டே வந்தால் ஒன்றுமில்லை. பூக்காரர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் கேட்பதில்லை. "கொழுந்து வச்சிருக்கீங்களாம்மா? இதிலே நாலு சேர்த்துக் கட்டிக் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். சாக்குக்கு அடியிலிருந்து ஒரு கட்டு வரும். கட்டுகிற கையும் வேகம் குறைந்து கவனமாகும், நான் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி கதம்பத்தைக் கழற்றும்போது மல்லி பழுப்பேறிச் சுருண்டிருக்கும். கனகாம்பரம் நிறம் மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். அதைத் தூக்கிப் போடுவதற்கு முன் கொழுந்துகளை மட்டும் உருவி எடுத்துக்கொள்ளுங்கள். புடவை அடுக்கில் வைத்துவிடுங்கள். பெரியம்மாவின் பட்டுப்புடவை ஒன்று என்னிடம் இருக்கிறது. போன வாரம் மடிப்பை விரித்தபோது உள்ளேயிருந்து பொடிப்பொடியாக ஏதோ உதிர்ந்தது. இரண்டு விரலால் எடுத்துக் கசக்கினேன். மரிக்கொழுந்து. இன்னும் மணக்கிறது.