கேளாதவருக்குக் கிடைப்பது



பந்தியில் அமர்ந்தவருக்கு இன்னது வேண்டுமென்று கேட்குமுன்பே இலையில் சோறு விழுந்துவிடுகிறது. வேண்டியதைக் கேட்டுப் பெறுவோர் சிலர். இட்டதை உண்டு எழுவோர் பலர். கணிப்பொறியிலும் இவ்வாறு கேளாமலே இடப்படுவன உண்டு. அவற்றை 'இயல்பிருப்பு' என்பர். இதனைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் அறப்பொறுப்பு அடங்கியிருக்கிறது. அதனையே இன்று ஆராய்வோம்.

கணிப்பொறியை இயக்கியவுடன் நம் கண்முன் தோன்றும் சாளரங்கள், பட்டிகள், படக்குறிகள் ஆகியவற்றின் தொகுதிக்கு மேசைச்சூழல் என்று பெயர். லினக்ஸில் இது ஒன்றன்று, பல. கே.டி.ஈ. 1996-லும், குனோம் 1997-லும் தொடங்கப்பெற்றன. இவை வசதி மிக்கவை. எக்ஸ்.எஃப்.சி.ஈ., எல்.எக்ஸ்.கியூ.டி. போன்றவை சிக்கனமானவை.

சிக்கனத்தால் வரும் பயன் யாது? மேசைச்சூழல் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய நினைவகமே நம் வேலைக்கு உதவும். அது போதாவிடின், பொறி வட்டில் எழுதியும் மீண்டும் படித்தும் காலங்கழிக்கும். வட்டோ நினைவகத்தினும் பன்மடங்கு மெதுவானது. ஆகவே 8 ஜி.பி. உடையவர் உணராத வேறுபாட்டை 2 ஜி.பி. உடையவர் ஒவ்வொரு சொடுக்கிலும் உணர்வார். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் இல்லாத பழைய பொறிகளுக்கு லினக்ஸ் மறுவாழ்வு தரக்கூடும். எனவே இக்கேள்வி இன்று முன்னிலும் முக்கியமானது.

டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டின் வரலாறு இங்கே நல்லதொரு பாடம். அதன் இயல்பிருப்பு குனோம். முதற் குறுந்தட்டில் குனோம் அடங்கவில்லை என்பதால், 2012-இல் எக்ஸ்.எஃப்.சி.ஈ.-க்கு மாற்றினர், பின்னர் குனோமுக்கே திரும்பினர். 2013-இல் மீண்டும் எக்ஸ்.எஃப்.சி.ஈ.-யை அமர்த்தினர். 2014-இல் மறுபடியும் குனோம் வென்றது. அப்போது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, உடற்குறை உடையோர்க்கு அதிலிருந்த வசதிகள்.

இதனைத் தடுமாற்றம் என்று நகைத்தல் தகாது. வறுமை இருவகைத்து என்பதை அவர்கள் கண்டனர். ஒன்று பொறியின் வறுமை. மற்றொன்று புலனின் குறை. வளமான பொறி உடையவர் எளிய சூழலைப் பெற்றாலும் பின்னர் மாற்றிக்கொள்வார். வலிமையற்ற பொறி உடையவரோ, மாற்றும் பக்கத்தை அடையுமுன்னரே பொறி திணறக் கண்டு அயர்ந்துவிடுவார். பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துக் காட்டும் குரல் இல்லையேல், அப்பக்கம் இருந்தும் இல்லாததே.

ஆகவே பள்ளிக்கோ நூலகத்துக்கோ பழைய பொறிகளை ஆயத்தம் செய்வோர்க்கு மூன்று கூறுவேன். முதலாவது, வெறுந்திரையைக் கண்டு தீர்ப்பளிக்கவேண்டா. உலாவியையும் ஓர் ஆவணத்தையும் ஒருங்கே திறந்து சோதியுங்கள். இரண்டாவது, இருப்பவற்றுள் மிக எளிய பொறியில் சோதியுங்கள். மூன்றாவது, திரைபடிப்பான் பேசுகின்றதா என்று கேட்டறிந்த பின்னரே எளிய சூழலை இயல்பிருப்பாக்குங்கள். வளமான சூழல் விரும்புவோர்க்குத் தெரிவாக இருக்கட்டும்.

கேட்கத் தெரிந்தவர் கேட்டுப் பெறுவார். கேட்க இயலாதவரை எண்ணி முதலில் பரிமாறுவதே முறை.