பைக்கை நிறுத்திட்டு வெளியூர் போறீங்களா? அந்தக் கடைசி நாள்தான் முக்கியம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குத் துருவைப் பத்திப் பேசப் போறோம். மாசக்கணக்குல ஓட்டாம நிறுத்தி வைக்கிற பைக்கை அது எப்படித் தின்னுது, எப்படித் தடுக்கிறதுன்னு பார்ப்போம்.

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இது நிறைய வீட்டுல நடக்கிற கதை. பையன் வேலைக்கு பெங்களூரோ, சென்னையோ, துபாயோ போயிடுவான். பைக் மாடிப்படிக்குக் கீழ நிக்கும். கிளம்பும்போது சொல்ற ஒரே விஷயம்: "அப்பா, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி விடுங்க." அப்பாவும் தவறாம ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிஷம் ஓட விட்டு ஆஃப் பண்ணுவாரு. ஒரு மழைக்காலம் முடிஞ்சு வந்து பார்த்தா செயின்ல செங்கல் பொடி மாதிரி துரு, சைலன்சர் அடியில அரிப்பு. இ.எம்.ஐ. இன்னும் பாதி பாக்கி இருக்கும்.

அப்பா அக்கறையா செஞ்ச அந்த அஞ்சு நிமிஷமும் இதுக்கு ஒரு காரணம். எப்படின்னு சொல்றேன்.

பெட்ரோல்ல ஹைட்ரஜன் இருக்கு. எரியும்போது அது ஆக்சிஜனோட சேர்ந்து தண்ணியா மாறும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுசா எரிஞ்சா, கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வரும். சைலன்சர் நல்லா சூடா இருந்தா அந்த ஆவி அப்படியே போயிடும். அஞ்சு நிமிஷத்துல சைலன்சர் முழுசா சூடாகாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து, தண்ணியா அடியில தேங்கும். கொஞ்சம் எஞ்சின் ஆயில்லயும் கலக்கும். வாரா வாரம் நாமளே உள்ள தண்ணி ஊத்துற மாதிரிதான்.

அதனால ஸ்டார்ட் பண்ணா வாணியம்பாடியில இருந்து ஆம்பூர் வரைக்காவது போயிட்டு வரணும். குறைஞ்சது 20, 30 நிமிஷம் ரோட்டுல ஓடணும். அது முடியாதுன்னா தொடாம விட்டுடறதே நல்லது. ஆனா தொடாம விடணும்னா, நிறுத்துற அன்னைக்கு ஒழுங்கா தயார் பண்ணியிருக்கணும்.

உப்பு எங்கிருந்து வருது?

கனடாவுல பனி மேல ஓட்டுற வண்டி ஒண்ணு இருக்கு, ஸ்னோமொபைல்னு பேரு. பனி உருகிட்டா அடுத்த குளிர்காலம் வரைக்கும் அது ஷெட்லதான் கிடக்கும். அங்க ரோட்டுல பனி உறையாம இருக்க உப்பு கொட்டுவாங்க. ஸ்னோமொபைலை டிரெய்லர்ல ஏத்திட்டுப் போகும்போது அந்த உப்பு அது மேல தெறிச்சுப் படியும். அதனால ஷெட்ல ஏத்துறதுக்கு முன்னாடி முதல் வேலை, உப்பு போகக் கழுவுறது.

வாணியம்பாடியில பனி கிடையாது. ஆனா உப்புக்குக் குறைவில்ல. பச்சைத் தோல் அழுகாம இருக்க, அதோட எடையில சுமார் 40 சதவீதம் வரைக்கும் உப்பு போடுவாங்க. தோல் ஷாப்புல ஊற வைக்கும்போது அந்த உப்பு தண்ணியில இறங்கும். பல வருஷம் அந்தத் தண்ணி பாலாத்துக்கும் நிலத்துக்கும்தான் போச்சு. 1996 ஆகஸ்ட் 28 அன்னைக்கு சுப்ரீம் கோர்ட் கொடுத்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்குத் தீர்ப்புல, தோல் தொழிற்சாலைப் பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமப் போச்சுன்னு பதிவாகியிருக்கு.

அந்த நிலத்தடித் தண்ணிதான் இங்க நிறைய போர்ல வருது. அதுலதான் பைக்கைக் கழுவுறோம். காய்ஞ்சதும் டேங்க் மேல வெள்ளை வெள்ளையா திட்டு தெரியுதா? தண்ணி போயிடுச்சு, அதுல கரைஞ்சிருந்த உப்புகள் தங்கிடுச்சு.

காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா சாதா உப்பு தானாவே ஈரத்தை இழுத்துக் கரைஞ்சிடும். மழைத்துளி படாத இடத்துல நின்னாலும், வண்டி மேல கண்ணுக்குத் தெரியாத உப்புத்தண்ணிப் படலம் இருக்கும். துருப்பிடிக்கிறது ஒரு மின்வேதி வினை. உப்புத்தண்ணி மின்சாரத்தை நல்லா கடத்துறதால வினை வேகமாகும். தோல் ஷாப்புக்குள்ள போய்ப் பாருங்க, தோலைப் போட்டுச் சுத்துற பெரிய டிரம் பெரும்பாலும் மரத்துலதான் இருக்கும். உப்பும் அமிலமும் சேர்ந்தா சாதா இரும்பு தாங்காது.

நிறுத்துற அன்னைக்கு என்ன செய்யணும்?

முதல்ல கழுவுங்க. போர் தண்ணியில கழுவினாலும் பரவாயில்ல. கடைசியா ஒரு பக்கெட் மழைத்தண்ணியோ, ஆர்.ஓ. சுத்தம் பண்ண தண்ணியோ ஊத்தி அலசிடுங்க. ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வெளியேறுற கழிவுத்தண்ணி வேண்டாம். வீணாக்கக் கூடாதுன்னு நிறைய பேர் அதுலதான் வண்டி கழுவுறாங்க. போர்ல வந்ததை விட அதுல உப்பு அதிகம். அலசினதும் ஒரு அரை மணி நேரம் ஓட்டிக் காய விடுங்க.

ரெண்டாவது, எஞ்சின் ஆயிலை மாத்துங்க. "வந்து மாத்திக்கலாம்"னு தோணும். ஆனா பழைய ஆயில்ல பெட்ரோல் எரிஞ்சு உண்டான அமிலமும் ஈரமும் இருக்கும். மாசக்கணக்குல பேரிங் அதுல ஊறக் கூடாது.

மூணாவது, டேங்கை ஃபுல் பண்ணுங்க. காலி இடத்துல இருக்கிற ஈரக் காத்து ராத்திரி குளிர்ல வேர்த்து, டேங்க் உள்பக்கம் துருப்பிடிக்கும். இப்போ வர்ற இ20 பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில இறங்கிடும். பழைய கார்புரேட்டர் வண்டின்னா அதுக்குள்ள தேங்கியிருக்கிற பெட்ரோலை மெக்கானிக் பாய்கிட்ட சொல்லி வடிச்சிடுங்க.

நாலாவது, செயினை மண்ணெண்ணெய் நனைச்ச துணியால துடைச்சு, 90 கியர் ஆயில் விடுங்க. முன்பக்க ஃபோர்க் பைப்புல எஞ்சின் ஆயில் தொட்ட துணியால மெல்லிசா ஒரு பூச்சு போதும். அங்க சின்னத் துருப்புள்ளி வந்தாலும் ஆயில் சீலைக் கிழிச்சிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகச் சிக்குப் பிடிச்சிடும். டிஸ்க் பக்கம் எந்த எண்ணெயும் போகக் கூடாது, பிரேக் பிடிக்காது.

நிறைய பேர் டபிள்யூடி-40 மட்டும் அடிச்சிட்டுப் போயிடுறாங்க. பேர்லயே விஷயம் இருக்கு: தண்ணியை விலக்குறதுக்கான 40-வது முயற்சி. 1953-ல அமெரிக்காவுல கண்டுபிடிச்சது. ஈரத்தை விரட்ட நல்ல சரக்கு. ஆனா படலம் ரொம்ப மெலிசு. அதை அடிச்சுத் துடைச்சிட்டு, மேல கியர் ஆயிலோ கிரீஸோ போட்டாத்தான் மழைக்காலத்தைத் தாண்டும்.

அஞ்சாவது, பேட்டரி. மைனஸ் முனையை முதல்ல கழட்டுங்க. முனைகள்ல வாசலின் தடவி, பேட்டரியை வீட்டுக்குள்ள வைங்க. 12.4 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா சார்ஜ் போடணும்.

கடைசியா, கவர். தார்ப்பாயையோ பிளாஸ்டிக் ஷீட்டையோ இறுக்கிக் கட்டாதீங்க. தரையில இருந்து வர்ற ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். கூரைக்குக் கீழ நிக்கிற வண்டிக்குப் பழைய காட்டன் பெட்ஷீட்டே போதும். நம்ம ஊர்ல தோல் துண்டு சுலபமா கிடைக்குதேன்னு அதைக் கைப்பிடியிலயோ கம்பியிலயோ சுத்தி வைக்காதீங்க. தோல்ல பதனிட்ட உப்பும் அமிலமும் மிச்சம் இருக்கும், ஈரத்தையும் பிடிச்சு வைக்கும். கத்தியைத் தோல் உறையிலயே வச்சா துருப்பிடிக்கிறது இதனாலதான். சைலன்சர் வாயில ஒரு துணியை அடைச்சிடுங்க, எலி புகாது. அந்தத் துணி வெளிய தொங்கட்டும், வந்ததும் எடுக்க மறக்க மாட்டீங்க.

இவ்வளவுக்கும் ஒரு மதிய நேரம் போதும். அப்பாகிட்ட சொல்ல வேண்டியது இதுதான்: "ஸ்டார்ட் பண்ண வேண்டாம்ப்பா. வெயில் அடிக்கிற நாள்ல கவரை எடுத்துக் காத்தாட விடுங்க, போதும்."

லீவுல வந்ததும் நேரா ஹைவேக்குப் போயிடாதீங்க. முதல்ல துணியை எடுங்க, டயர்ல காத்து பாருங்க, தெருவுக்குள்ளயே ரெண்டு தடவை பிரேக் பிடிச்சுப் பாருங்க. துருப்பிடிச்ச செயின் அறுந்தாலும், பிரேக் இறுகிப் போயிருந்தாலும், அது தெரியுற இடம் ஹைவேயா இருக்கக் கூடாது.

இந்த மழைக்கு முன்னாடி யாராவது ஃபிரெண்ட் ஊரை விட்டுக் கிளம்புறாங்கன்னா, இதை அனுப்பி வைங்க. அடுத்த எபிசோடுல பேசுவோம்.