பழக்கமே துணை
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது பழமொழி. நம் முன்னோரின் கதையோ வேறு. அவர்களை ஐந்திலேயே வளைத்துவிட்டார்கள். ஐம்பதில் நிமிர நினைத்தபோது முதுகு இடங்கொடுக்கவில்லை.

நம் அனுபவம் ஒன்றைக் கூறுகிறோம். மேல்நிலைத் தேர்வில் தேறியதும், சாதிச் சான்றிதழ் பெறத் தந்தையாருடன் ஓர் அலுவலகத்திற்குச் சென்றோம். சொல்ல வேண்டியதை வழிநெடுக மனனம் செய்துகொண்டே நடந்தோம். வாயிலை மிதித்ததும் தந்தையாரின் தோள்துண்டு கக்கத்திற்கு இறங்கியது. நம் நாவும் கட்டுண்டது. “நாளை வா” என்றனர். ஏன் என்று கேட்க இயலவில்லை. மூன்று முறை நடந்தோம். கல்லூரியில் சேரும் நாள் கடந்தது, ஓராண்டு வீணாயிற்று. அலைக்கழித்தது அவர்கள் குற்றம். ஆனால் நம்மை வாய்மூடி நிற்கச் செய்தது அறியாமையன்று. நாள்தோறும் அடங்கி நின்று பழகிய பழக்கமே.

தீய பழக்கம் நாவைக் கட்டுமாயின் நற்பழக்கம் அதனை அவிழ்க்கும். அண்ணல் அம்பேத்கரின் வாழ்வே அதற்குச் சான்று. பம்பாயின் பரேல் பகுதியில் ஒரே அறையில் குடும்பம் வாழ்ந்தது. மாணவர் பீமராவ் முன்னிரவிலேயே உறங்கிவிடுவார். தந்தையார் ராம்ஜி விழித்திருந்து, இரண்டு மணிக்கு மகனை எழுப்புவார். விடியும்வரை விளக்கொளியில் படிப்பு நடக்கும். அப்பழக்கம் கடல் கடந்து, நியூயார்க்கிலும் இலண்டனிலும் தொடர்ந்தது.

1948 நவம்பரில் அரசியலமைப்பு வரைவை அவர் அரசியல் நிர்ணய சபையின் முன் வைத்தார். 2,473 திருத்தங்கள் அங்கு முன்மொழியப்பட்டன. நீரிழிவு நோயால் உடல் தளர்ந்திருந்த நிலையிலும், எழுந்த வினாக்களுக்கெல்லாம் அமைதியாக விடையளித்தார். 1949 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பு ஏற்கப்பட்டது. அவ்விடைகள் சபையில் திடீரெனத் தோன்றியவை அல்ல. பரேலின் விளக்கொளியில் வேர்விட்டவை.

இளைஞர்களே! விடை தெரிந்தும் கையுயர்த்தாத மாணவர்களை நம் வகுப்பறைகளில் இன்றும் காண்கிறோம். வகுப்பில் உயராத கை, நேர்முகத் தேர்வு நாளில் நடுங்கும். ஆகவே மூன்று பழக்கங்களை இன்றே தொடங்குவோம்.

நாள்தோறும் ஒரு பக்கமேனும் உரக்கப் படிப்போம். எவரிடமும் முகம் பார்த்துத் தெளிவாகப் பேசுவோம். மனுவை நம் கையால் எழுதி, ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெறுவோம். பெரியோரை வணங்குவது பண்பு. எவர் முன்னும் கூனி நிற்பது பண்பன்று.

சோதனை நாள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அன்று புதிய துணிவு எதுவும் வந்து சேராது. நேற்றுவரை பழகியதே துணை நிற்கும். நம் தந்தையாரின் துண்டு இனி நம் பிள்ளைகளின் தோளைவிட்டு இறங்காதிருக்கட்டும்.