கேட்வே படுத்துவிட்டால் நாம் என்ன செய்வது?

(நலச்சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செல்போன் சிக்னல் டவரோடு முடிவதில்லை. உங்கள் டேட்டா முழுவதும் கம்பெனியின் 'கேட்வே' என்னும் சாதனம் வழியாகத்தான் இன்டர்நெட்டுக்குப் போகிறது. அது நின்றால், டவர் நன்றாக இருந்தும் பயனில்லை.

பேங்க் கவுன்டரில் தப்பாக எழுதிய செக் வந்தால் கிளார்க் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அந்தச் செக்கைப் பார்த்ததுமே அவர் மயங்கி விழுந்தால்? தெளிந்து எழுந்ததும் அதே செக்கை மறுபடி நீட்டினால்? பணம் திருடு போகாது. ஆனால் வரிசையில் யாருக்கும் வேலை நடக்காது. 'டினையல் ஆஃப் சர்வீஸ்' குறைபாடும் இப்படித்தான். ஒழுங்கற்ற ஒரு டேட்டா பாக்கெட்டை ஒதுக்கத் தெரியாமல் சாதனம் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. சிஸ்கோ நிறுவனமே தனது ஏஎஸ்ஆர் 5000 வரிசை சாதனங்களில் இத்தகைய குறைகளை அறிவித்து, திருத்தமும் வெளியிட்டிருக்கிறது.

எதிரி யாரும் இல்லாமலும் சேவை நிற்கலாம். 2018 டிசம்பர் 6 அன்று, எரிக்சன் மைய நெட்வொர்க் சாதனங்களின் சாப்ட்வேரில் ஒரு சான்றிதழ் காலாவதியானது. பிரிட்டனில் 3 கோடிக்கு மேற்பட்டோர் நம்பியிருந்த ஓ2 நெட்வொர்க்கில் டேட்டா நின்றது. ஜப்பானில் சாஃப்ட்பேங்க் சேவையும் அன்றே பல மணி நேரம் முடங்கியது. லண்டன் பஸ் நிறுத்தங்களின் நேரப் பலகைகள்கூட வேலை செய்யவில்லை.

திருத்தம் போடுவது கம்பெனியின் பொறுப்பு. நம் கையில் இருப்பவை சில:

வீட்டில் எல்லா சிம்மும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டாம். இரண்டு நாள் செலவுக்கு ரொக்கம் வைத்திருங்கள். டாக்டர், பிள்ளைகள், பக்கத்து வீட்டார் நம்பர்களைத் தாளில் எழுதி ஒட்டுங்கள்.

மிக முக்கியமானது இது. சிக்னல் போனால், அதே கம்பெனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் பெரும்பாலும் நெட்வொர்க் கோளாறு, பொறுத்திருக்கலாம். உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், யாரோ உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கவும் கூடும். ஓடிபி அவர்களுக்குப் போகும். உடனே வேறு போனிலிருந்து பேங்கையும் சிம் கம்பெனியையும் கூப்பிடுங்கள். பணம் போயிருந்தால் 1930-க்கும் சொல்லுங்கள். காலையில் பார்க்கலாம் என்று தூங்கப் போகாதீர்கள்.

நம் காவலாளி அறையில் ஒரு லேண்ட்லைன் வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அவசரத்தில் அது உதவும். அடுத்த கூட்டத்தில் உங்கள் ஆதரவைக் கேட்டுக்கொள்கிறேன்.